தபால்காரர் ஊருக்குப் போய்விட்டார்: பிள்ளைகள் கிளம்பிய பிறகு கணவன் மனைவிக்கு ஒரு முழு வழிகாட்டி

இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு ஜூன் மாதம், மகளை ஹைதராபாத்தில் வேலைக்குச் சேர்த்துவிட்டு நானும் அவரும் திருச்சிக்குத் திரும்பினோம். மகன் அதற்கு முன்பே ஜெர்மனிக்குப் போய்விட்டான். வழியெல்லாம் அவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தார், நான் போனைப் பார்த்துக்கொண்டு வந்தேன். சண்டை ஒன்றும் இல்லை. பேச எதுவும் தோன்றவில்லை, அவ்வளவுதான்.

பத்து நாள் கழித்து மகள் போனில் கேட்டாள்: "அப்பாவுக்கு சுகர் மாத்திரையை மாத்திட்டாங்களாமே, உனக்குத் தெரியுமாம்மா?" எனக்குத் தெரியாது. நான் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தேன், அவர் பத்தடி தள்ளி கூடத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். அந்தச் செய்தி ஹைதராபாத் வரை போய்விட்டு எங்கள் சமையலறைக்குத் திரும்பி வந்திருக்கிறது.

அன்றைக்குத்தான் எனக்கு விஷயம் பிடிபட்டது. இருபத்து மூன்று வருடமாக நாங்கள் இருவரும் பிள்ளைகள் வழியாகத்தான் பேசிக்கொண்டிருந்தோம். "அப்பாவைச் சாப்பிட வரச் சொல்லு." "அம்மாகிட்ட சாவி எங்கன்னு கேளு." "இந்த வருஷம் தீபாவளிக்கு ஊருக்குப் போகணுமான்னு அப்பாகிட்ட கேட்டுப் பாரு." வீட்டுக்குள்ளேயே ஒரு தபால்காரர் இருந்தார். இப்போது அவர் ஊரில் இல்லை. இனி கடிதத்தை நாமே கையில் கொடுக்க வேண்டும்.

இதைக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் கற்றோம். எங்களுக்கு ஆன வரிசையிலேயே, மற்றவர்கள் வீட்டில் பார்த்ததையும் சேர்த்து எழுதுகிறேன். ஒன்றை மட்டும் முன்னாலேயே சொல்லிவிடுகிறேன். அடி, மிரட்டல், குடித்துவிட்டு ரகளை என்று இருக்கும் வீட்டுக்கு இந்த வழிகாட்டி பொருந்தாது. அங்கே முதல் தேவை பாதுகாப்பு. பெண்கள் உதவி எண் 181, எந்த நேரமும் கூப்பிடலாம்.

படி 1: முதல் மூன்று மாதம் எதையும் மாற்றாதீர்கள்

பிள்ளை கிளம்பிய மறுவாரமே வீட்டுக்கு பெயின்ட் அடிப்பவர்கள் இருக்கிறார்கள். வீட்டை விற்றுவிட்டு மகன் ஊரில் பிளாட் பார்ப்பவர்களும் இருக்கிறார்கள். எங்கள் தெருவில் ஒருவர் மாடியில் போர்ஷன் எழுப்ப ஆரம்பித்து, ஒரு வருடம் கொத்தனாரோடு மட்டுமே பேசிக்கொண்டிருந்தார். வெறுமையை நிரப்ப ஒரு வேலை வேண்டும்தான். ஆனால் பெரிய முடிவுகளைக் கொஞ்சம் தள்ளிப் போடுங்கள். மனம் சமநிலைக்கு வந்த பிறகு அதே முடிவு வேறு மாதிரி தெரியும்.

மாற வேண்டியவை சின்னச் சின்னப் பொருள்கள்தான். பெரிய குக்கரைப் பரணில் ஏற்றிவிட்டு இரண்டு லிட்டர் குக்கருக்கு மாற எனக்கு நாற்பது நாள் ஆனது. ஆவின் பால் ஒரு லிட்டரிலிருந்து அரை லிட்டருக்கு இறங்கியது. மாவு அரைத்தால் ஒரு வாரம் ஓடி, கடைசி இரண்டு நாள் புளித்த தோசைதான். இதெல்லாம் அற்ப விஷயம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அரிசி அளக்கும்போது கை தானாகப் பழைய அளவுக்குப் போய்த் திரும்பும் அந்த ஒரு நொடியில் தொண்டை அடைக்கும்.

இன்னொன்று, இருவரும் ஒரே மாதிரி வருந்த மாட்டீர்கள். நான் அழுதேன். அவர் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் மகளுடைய ஸ்கூட்டியை வெளியே எடுத்து ஸ்டார்ட் செய்து, பத்து நிமிடம் ஓடவிட்டு, துடைத்து நிறுத்துவார். "பேட்டரி இறங்கிடும்" என்பார். கல் மனசு என்று அப்போது நினைத்தேன். அந்தப் பத்து நிமிடம்தான் அவருடைய அழுகை என்று புரிய வெகுநாள் ஆனது. உங்கள் வீட்டில் அது ஸ்கூட்டியாக இருக்காது. அதிக நேரம் டிவியாக இருக்கலாம், காரணமில்லாத எரிச்சலாக இருக்கலாம். "உங்களுக்கு வருத்தமே இல்லையா?" என்று கேட்பதற்கு முன்னால் இரண்டு வாரம் கவனியுங்கள்.

அப்படிக் கவனிக்கும்போது, தூக்கம், பசி, எதிலும் ஈடுபாடு எல்லாமே இரண்டு வாரத்துக்கு மேல் நாள்தோறும் கெட்டுக்கிடந்தால் அது வெறும் வருத்தம் ஆகாது. டாக்டரைப் பாருங்கள். 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் மனநல ஆலோசனை இலவசம், தமிழிலும் பேசலாம்.

ஆறுதலாக ஒரு செய்தி. கலிபோர்னியாவின் மில்ஸ் கல்லூரியில் 1958லும் 1960லும் பட்டம் பெற்ற பெண்களைப் பல பத்தாண்டுகள் தொடர்ந்து கவனித்த ஒரு ஆய்வு உண்டு. அதை வைத்து 2008இல் வெளியான கட்டுரை, பிள்ளைகள் வீட்டை விட்டுப் போன பிறகு அந்தப் பெண்களுக்குத் திருமணத்தில் திருப்தி கூடியதாகச் சொல்கிறது. கணவனோடு இருக்கும் நேரம் அதிகமானது அதற்குக் காரணம் ஆகவில்லை. இருந்த நேரம் இனித்தது, அதுதான் காரணம். அது அமெரிக்கா, நம் வீடு வேறு என்பது சரி. ஆனாலும் பிள்ளைகள் போனால் எல்லாம் முடிந்தது என்று விதி ஒன்றும் கிடையாது.

படி 2: தபாலை நிறுத்துங்கள்

ஒரு வாரம் ஒரு துண்டுச் சீட்டில் கோடு போடுங்கள். துணைவரிடம் சொல்ல வேண்டியதைப் பிள்ளையிடம் சொல்லும் ஒவ்வொரு முறையும் ஒரு கோடு. "அப்பாவை நடக்கச் சொல்லுடா, நான் சொன்னா கேக்க மாட்டாரு" என்பதும் கணக்கு. குடும்ப வாட்ஸ்அப் குழுவில் அவருக்குத் தெரியட்டும் என்றே போடும் "உப்பைக் குறையுங்கள்" வீடியோவும் கணக்கு. என் சீட்டில் முதல் வாரம் பதினோரு கோடு. அவரிடம் கோடு போடச் சொன்னபோது சிரித்தார். அவர் கணக்கு இன்றுவரை எனக்குத் தெரியாது.

அதன் பிறகு விதி எளிது: துணைவருக்கான செய்தி துணைவரிடம் நேராகப் போக வேண்டும். பிள்ளைகளிடமும் சொல்லிவிடுங்கள். "இனிமே அப்பா சமாச்சாரத்தை அப்பாகிட்டயே கேளு" என்று மகளிடம் சொன்னபோது முதலில் "என்ன, சண்டையா?" என்று பயந்தாள். பிறகு அவள் குரலில் தெரிந்த நிம்மதியை நான் மறக்கவில்லை. அந்தக் குழந்தை எத்தனை வருடம் எங்களுக்கு நடுவில் நின்றிருக்கிறது!

நேராகப் பேச ஆரம்பித்ததும் ஒரு சிக்கல் வரும். இருவருக்கும் தொனி மறந்திருக்கும். "மாத்திரை போட்டீங்களா?" என்று நான் கேட்டால் அது போலீஸ் விசாரணை போல இருந்தது. "டாக்டர் என்னங்க சொன்னாரு?" என்று கேட்டுப் பார்த்தேன். கதை வந்தது. ஆம், இல்லை என்று முடிந்துவிடும் கேள்வியைக் குறையுங்கள்.

துணைவரைப் பற்றிய புகாரைப் பிள்ளையிடம் கொண்டுபோவதையும் இத்தோடு விட்டுவிடுங்கள். நமக்கு மனசு லேசாகிவிடும், மறுநாள் சமாதானமும் ஆகிவிடுவோம். அந்தச் சமாதானம் தெரியாமல் தூரத்தில் இருக்கும் பிள்ளை ஒரு வாரம் தூக்கம் கெட்டுக் கிடக்கும்.

படி 3: தினம் பதினைந்து நிமிடம்

இந்த வழிகாட்டியில் ஒன்றே ஒன்றைத்தான் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள். தினம் பதினைந்து நிமிடப் பேச்சு. நாலு விஷயத்துக்கு அதில் இடமில்லை: பிள்ளைகள், பணம், உடம்பு, சொந்தக்காரர்கள்.

முதல் நாள் நாங்கள் இதை உட்கார்ந்து ஆரம்பித்தோம். அந்த நாலையும் எடுத்துவிட்டால் எங்களிடம் மிச்சம் ஒன்றுமே இல்லை. மூன்றாவது நிமிடத்தில் அவர், "மழை வரும் போல" என்றார். நான், "ஆமா" என்றேன். பன்னிரண்டு நிமிடம் மீதி.

எதிரெதிரே உட்கார்ந்ததுதான் நாங்கள் செய்த தப்பு. பெண் பார்க்க வந்தது போல இருந்தது. கைக்கு ஒரு வேலையும் கண்ணுக்கு வேறு திசையும் இருந்தால் பேச்சு தானாக வரும். அவரைக்காய் நறுக்கலாம், முருங்கைக்கீரை உருவலாம், துணி மடிக்கலாம். பக்கத்தில் பக்கத்தில் நடப்பது இன்னும் நல்லது. நாங்கள் சாயங்காலம் காவிரிப் பாலத்துப் பக்கம் போக ஆரம்பித்தோம். நடக்கும்போது நீண்ட மௌனம் வந்தாலும் அது சங்கடமாக இருக்காது.

என்ன பேசுவது? எங்களுக்கு உதவிய சில கேள்விகள்: நம் கல்யாணத்துக்கு முந்தின நாள் ராத்திரி என்ன நினைத்துக்கொண்டு படுத்தீர்கள்? ஆபீசில் உங்களை முதன்முதலில் மதித்தவர் யார்? எந்த வேலை கிடைத்திருந்தால் வாழ்க்கை வேறு மாதிரி போயிருக்கும்? சின்ன வயதில் எந்த வீட்டுச் சாப்பாடு பிடிக்கும்? இருபத்தேழு வருடம் கூடவே இருந்தும், என் கணவர் எட்டாம் வகுப்பில் தபேலா கற்றுக்கொள்ள ஆசைப்பட்டு வீட்டில் திட்டு வாங்கினார் என்பது எனக்கு இந்த நடையில்தான் தெரிந்தது.

பெரிய கேள்விகளைவிடச் சின்ன அழைப்புகள் முக்கியம். சியாட்டிலில் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் தம்பதிகளைப் பல வருடம் ஆராய்ந்தவர் ஜான் காட்மன். ஒருவர் "இங்க பாரேன், அந்தக் குருவி" என்று சொல்வது போன்ற சின்ன அழைப்புக்கு மற்றவர் முகம் திருப்பிப் பதில் சொல்கிறாரா என்று அவருடைய குழு எண்ணியது. ஆறு வருடம் கழித்தும் சேர்ந்திருந்த தம்பதிகள் நூற்றுக்கு 86 முறை பதில் கொடுத்திருந்தார்கள். பிரிந்துபோனவர்கள் 33 முறைதான். நம் வீடுகளில் இந்த அழைப்பு இன்னும் மறைந்து வரும். "வெயில் என்னா வெயிலு" என்று முந்தானையால் விசிறிக்கொண்டே ஒருத்தி சொன்னால், அது வானிலை அறிக்கை இல்லை. "உட்காரு, நான் தண்ணி கொண்டாறேன்" என்று ஒரு வார்த்தை வருமா என்ற எதிர்பார்ப்பு அது. "ம்" என்று சொல்லிவிட்டுப் போனில் ரீல்ஸ் பார்த்தால் அந்தக் கதவு மூடிக்கொள்கிறது. அப்புறம் அடுத்த தடவை தட்டுவதற்கு யோசனை வரும்.

படி 4: பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள்

சின்னப் படி, ஆனால் விடாதீர்கள். எத்தனை வீட்டில் மனைவிக்கு "அம்மா" என்றே பெயராகிவிட்டது! கணவனுக்கும் "அப்பா"தான். பிள்ளைகளுக்காக ஆரம்பித்த பழக்கம், பிள்ளைகள் போன பிறகும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. "என்னங்க", "இந்தா" என்பதில் குற்றமில்லை, அவற்றுக்கும் ஒரு ருசி உண்டு. கல்யாணமான புதிதில் தனியாக இருக்கும்போது ஒரு பெயர் இருந்திருக்குமே, அதை எடுத்துப் பாருங்கள். என் பெயரை அவர் மறுபடி சொன்ன அன்று யாரையோ கூப்பிடுகிறார் என்று நான் திரும்பியே பார்க்கவில்லை.

படி 5: பழைய கணக்கு

பேச்சு வந்துவிட்டால் பழசும் கூடவே வரும். பிள்ளைகள் இருந்தவரை "அதுங்க முன்னாடி எதுக்கு" என்று விழுங்கியதெல்லாம் மேலே மிதக்கும். பல தம்பதிகள் இங்கேதான் பயந்து மறுபடி மௌனத்துக்குள் போய்விடுகிறார்கள். அமெரிக்காவில் 50 வயதுக்கு மேற்பட்டவர்களிடையே விவாகரத்து விகிதம் 1990க்கும் 2010க்கும் நடுவில் இரட்டிப்பானது. நம் ஊரில் பெரும்பாலும் கோர்ட்டுக்குப் போகாமலே, ஒரே கூரைக்குக் கீழ் இரண்டு டிவி வாங்கி விவாகரத்து செய்துகொள்கிறோம்.

என் கணக்கு இது. 2004இல் என் நாத்தனார் கல்யாணத்துக்கு, என் அம்மா போட்ட ஐந்து பவுன் சங்கிலியை அவர் விற்றார். கேட்டிருந்தால் நானே கழற்றிக் கொடுத்திருப்பேன். கேட்கவில்லை. விற்ற பிறகு சொன்னார். இருபது வருடம் நான் அதைப் பற்றி வாய் திறக்கவில்லை, ஆனால் நகைக்கடை விளம்பரம் வரும்போதெல்லாம் சேனலை மாற்றியிருக்கிறேன்.

இப்படிப்பட்ட கணக்கை எடுக்கும் முறை:

நேரம் சொல்லி ஆரம்பியுங்கள். "ஞாயித்துக்கிழமை மத்தியானம் ஒரு விஷயம் பேசணும், பழசுதான், சண்டைக்கு இல்ல" என்று முன்கூட்டியே சொல்லுங்கள். பசியோடும், ராத்திரி பத்து மணிக்கு மேலும் வேண்டாம்.

ஒரு தடவைக்கு ஒரே விஷயம். சங்கிலி என்றால் சங்கிலி மட்டும். "அன்னைக்கு உங்கம்மாவும்…" என்று கிளை விட்டால் அன்றைய பேச்சு போச்சு.

"நீங்க எப்பவுமே இப்படித்தான்" என்ற வாக்கியத்துக்குப் பதில் கிடையாது. நடந்தது என்ன, அப்போது எனக்கு எப்படி இருந்தது, இந்த இரண்டு மட்டும் போதும். "நீங்க கேக்காம வித்தப்போ, இந்த வீட்ல நான் யாருன்னு எனக்குத் தெரியாமப் போச்சு" என்றேன். இந்த ஒரு வரியைச் சொல்ல எனக்கு மூன்று ஞாயிற்றுக்கிழமை ஆனது.

கேட்பவருக்கு ஒரே வேலை. கேட்டதைத் தன் வார்த்தையில் திருப்பிச் சொல்ல வேண்டும். விளக்கம் அப்புறம். "அப்போ நிலைமை அப்படி" என்று உடனே ஆரம்பிப்பது நம் ஆண்களின் பழக்கம் (பெண்களுக்கும் உண்டு, நான் செய்திருக்கிறேன்). நிலைமை எல்லோருக்கும் தெரியும். நான் சொன்னது காதில் விழுந்ததா என்பதுதான் கேள்வி.

மன்னிப்பு கேட்டால் முழுசாகக் கேளுங்கள். "தப்பா ஏதாவது பண்ணியிருந்தா மன்னிச்சுக்கோ" என்பதில் மன்னிப்பே இல்லை. என்ன செய்தோம் என்று பெயர் சொல்ல வேண்டும். அவர் நெடுநேரம் சும்மா இருந்துவிட்டு, "உன்கிட்ட கேட்டா நீ அழுவேன்னு பயந்தேன். அதனால கேக்காம வித்தேன். தப்புதான்" என்றார்.

அவருக்கும் ஒரு கணக்கு இருந்தது. 2011இல் கோயம்புத்தூரில் பதவி உயர்வோடு வந்த மாறுதலை, பிள்ளைகள் பள்ளியைக் காரணம் காட்டி நான் தடுத்தேன். அது அவருக்கு எவ்வளவு பெரியது என்று எனக்குத் தெரியவே தெரியாது. என்னைத்தான் எல்லோரும் ஏமாற்றினார்கள் என்ற நினைப்போடு உட்காராதீர்கள், எதிரிலும் ஒரு நோட்டு இருக்கும்.

எல்லாக் கணக்கும் தீராது. தம்பதிகளின் பிணக்குகளில் நூற்றுக்கு 69 தீராமல் திரும்பத் திரும்ப வருபவை என்று காட்மன் கணக்கிட்டார். அவர் செலவாளி, நான் சிக்கனம். இது மாறப் போவதில்லை. இதை வைத்துச் சிரிக்க முடிந்தால் போதும். ஒரே விஷயம் மூன்று நாலு தடவை பேசியும் கத்தலிலேயே முடிந்தால், குடும்ப ஆலோசகர் ஒருவரிடம் இருவரும் போங்கள். பெரியவர்களை வைத்துப் பஞ்சாயத்து வேண்டாம். அவர்களுக்கு யார் பக்கம் நியாயம் என்று தீர்ப்பு சொல்லத்தான் தெரியும்.

படி 6: உடம்பைப் பற்றி

நம் ஊரில் இதை யாரும் எழுதுவதில்லை என்பதால் நேராகவே எழுதுகிறேன்.

பல வீடுகளில் கணவனும் மனைவியும் ஒரே அறையில் படுத்தே பத்து வருடம் ஆகியிருக்கும். முதலில் குழந்தை நடுவில். பிறகு பிளஸ் டூ படிக்கும் மகளோடு ஏசி அறையில் அம்மா, கூடத்தில் அப்பா. மகள் போன பிறகும் அதே ஏற்பாடு தொடரும். "திரும்ப ஒரே அறைக்கு வரலாமா?" என்று கேட்க இருவருக்கும் கூச்சம். கூச்சப்பட்டுக்கொண்டே கேளுங்கள். குறட்டைதான் தடை என்றால் அதைக் கேலியாக விட்டுவிடாதீர்கள். பலத்த குறட்டை, நடுவில் மூச்சு நின்று திணறுவது, பகலில் தூங்கி விழுவது என்று இருந்தால் தூக்கத்தில் மூச்சுத்தடை இருக்கலாம். சோதித்தால் தெரியும், சிகிச்சையும் உண்டு.

இந்தியப் பெண்களுக்கு மாதவிலக்கு நிற்பது சராசரியாக 46, 47 வயதில். பன்னிரண்டு மாதம் தொடர்ந்து வராவிட்டால்தான் நின்றுவிட்டது என்று கணக்கு. அதற்குச் சில வருடங்கள் முன்பே உடம்பில் சூடு பரவுவதும் தூக்கக் கேடும் எரிச்சலும் ஆரம்பித்துவிடும். பிள்ளைகள் வெளியேறுவதும் பல வீடுகளில் இதே சமயத்தில்தான். "பிள்ளை போனதிலிருந்து இவளுக்குக் கோபம் அதிகமாயிடுச்சு" என்று கணவர் நினைப்பதில் பாதி ஹார்மோன். பெண்ணுறுப்பில் வறட்சி வந்து உறவு வலிக்க ஆரம்பித்தால், பல பெண்கள் காரணம் சொல்லாமல் விலகிவிடுகிறார்கள். கணவர் அதை வெறுப்பு என்று எடுத்துக்கொள்கிறார். மருந்துக் கடையில் கிடைக்கும் வழுக்கும் ஜெல்லே பலருக்குப் போதும். போதாவிட்டால் மகப்பேறு மருத்துவர் ஈஸ்ட்ரோஜன் கிரீம் எழுதித் தருவார்.

ஆண்களுக்கு சர்க்கரையும் ரத்த அழுத்தமும், அதற்குச் சாப்பிடும் சில மாத்திரைகளும் விறைப்பைக் குறைக்கும். அவமானம் என்று மறைக்கும் இந்த விஷயம், சில சமயம் இதய நோய்க்குச் சில வருடம் முன்னால் வரும் எச்சரிக்கை. ஆகவே டாக்டரிடம் சொல்லியே ஆக வேண்டும். விறைப்புக்கான மாத்திரையைக் கடையில் தானாக வாங்காதீர்கள். நெஞ்சுவலிக்கு நாக்கின் அடியில் வைக்கும் நைட்ரேட் மாத்திரை எடுப்பவருக்கு அது உயிருக்கே ஆபத்து.

இதெல்லாம் வேண்டாம், எங்களுக்கு அந்த ஆசை போய்விட்டது என்று இருவரும் மனதார ஒத்துக்கொண்டால் அதிலும் குறையில்லை. ஒருவர் மட்டும் முடிவு செய்துவிட்டு மற்றவரிடம் சொல்லாமல் இருப்பதுதான் பிரச்சினை. கால் பிடித்துவிடுவது, தலைக்கு எண்ணெய் வைத்துவிடுவது என்று தொடுவதற்கு வழிகள் நிறைய இருக்கின்றன. எங்களுக்கு அது சனிக்கிழமை எண்ணெய்க் குளியலில் திரும்ப ஆரம்பித்தது.

படி 7: வேலையை மாற்றிக் கொள்ளுங்கள்

தமிழ்நாட்டு அரசு ஊழியர் 60 வயதில் ஓய்வு பெறுகிறார். அதுவரை சமையலறைப் பக்கம் வராதவர், ஒன்றாம் தேதி காலை வந்து "ஏன் இவ்வளவு எண்ணெய்?" என்று கேட்பார். அவருக்கு ஆபீஸ் போச்சு, வீட்டில் இன்ஸ்பெக்டர் வேலை கிடைத்தது என்று நினைத்துக்கொள்வார். மேற்பார்வைக்கு அனுமதி இல்லை, வேலைக்கு மட்டும் அனுமதி என்று ஆரம்பத்திலேயே சொல்லிவிடுவது நல்லது. காலைச் சமையல் யார், ராத்திரி யார் என்று பிரியுங்கள். அவர் வைக்கும் சாம்பாரில் புளி தூக்கலாக இருந்தால் சாப்பிட்டுவிட்டுச் சும்மா இருங்கள். ஆறு மாதத்தில் சரியாகும். நம் சாம்பாரும் முதல் வருடம் அப்படித்தான் இருந்தது.

பதிலுக்கு மனைவி பணத்தைக் கற்க வேண்டும். எந்த பேங்கில் எத்தனை வைப்புத்தொகை, இன்சூரன்ஸ் பாலிசி எங்கே, கரண்ட் பில்லும் கேஸ் புக்கிங்கும் எந்த ஆப்பில், நாமினியாக யார் பெயர் கொடுத்திருக்கிறது என்று ஒரே நோட்டில் இருவரும் உட்கார்ந்து எழுதுங்கள். கணக்கு ஒருவர் பெயரில் மட்டும் இருந்தால், "இருவரில் எவரும் அல்லது உயிரோடிருப்பவர்" என்ற முறையில் கூட்டுக் கணக்காக மாற்றிக்கொள்ளலாம். இது காதல் காரியமா என்று கேட்டால், என் வரைக்கும் ஆமாம். அவர் முப்பது வருடமாகத் தனியாகச் சுமந்த கவலை எவ்வளவு என்று அந்த நோட்டில்தான் பார்த்தேன்.

படி 8: இருவருக்கும் புதிதாக ஒன்று

ஆர்தர் ஏரன் என்ற உளவியலாளரும் அவருடைய குழுவும் 2000ஆம் ஆண்டில் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். தம்பதிகளின் கையையும் காலையும் சேர்த்துக் கட்டி, நடுவில் ஒரு பஞ்சு உருளையைக் கையால் தொடாமல் தாங்கிக்கொண்டு பாயில் தவழச் சொன்னார்கள். ஏழு நிமிட விளையாட்டு. சலிப்பான வேலை கொடுக்கப்பட்ட ஜோடிகளைவிட, விழுந்து எழுந்து சிரித்த ஜோடிகள் தங்கள் உறவைப் பற்றி நல்லவிதமாகச் சொன்னார்கள். நாமும் தவழ வேண்டும் என்று சொல்ல வரவில்லை. இருவருக்குமே தெரியாத ஒன்றில் சேர்ந்து தடுமாறுவதில் ஏதோ இருக்கிறது.

சொந்தக்காரர்களோடு வேன் பிடித்துப் போகும் கோவில் சுற்றுலா இதில் சேராது. அங்கே பெண்கள் ஒரு பக்கம், ஆண்கள் ஒரு பக்கம். நாங்கள் செய்தது: சத்திரம் பேருந்து நிலையத்தில் வந்து நிற்கும் ஏதாவது ஒரு டவுன் பஸ்ஸில் ஏறி, கடைசி நிறுத்தத்தில் இறங்கி, டீ குடித்துவிட்டுத் திரும்புவது. ஒரு நாள் முக்கொம்பு, ஒரு நாள் பெயரே தெரியாத ஒரு கிராமம், திரும்ப வண்டிக்கு ஒன்றரை மணி நேரம் காத்திருந்தோம். கொஞ்சம் வசதியும் நேரமும் இருந்தால் மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டிக்கு மலை ரயிலில் போங்கள். 46 கிலோமீட்டருக்குக் கிட்டத்தட்ட ஐந்து மணி நேரம். குழந்தைகளை "ஜன்னலுக்கு வெளியே கை நீட்டாதே" என்று திட்டாமல் அந்த மலையைப் பார்ப்பது தனி அனுபவம்.

அவர் இப்போது தபேலா வகுப்புக்குப் போகிறார். 57 வயதில், ஏழு வயதுப் பையன்களோடு. நான் கூடப் போவதில்லை. எல்லாவற்றிலும் ஒட்டிக்கொண்டிருந்தால் ராத்திரி ஒருவருக்கொருவர் சொல்ல எதுவும் இருக்காது.

படி 9: அடுத்த அழைப்பு வருவதற்கு முன்னால்

இந்த நிம்மதி நிலையானது என்று நினைத்துவிடாதீர்கள். இரண்டு பக்கத்திலிருந்தும் அழைப்பு வரும். ஒன்று, வயதான பெற்றோர். இன்னொன்று, பேரக்குழந்தை. மகளுக்கோ மருமகளுக்கோ பிரசவம் என்றால், நம் வழக்கப்படி அம்மா மட்டும் விமானம் ஏறுவாள். ஆறு மாதம் அவள் அங்கே வெந்நீரும் பத்தியச் சமையலுமாக, அவர் இங்கே மெஸ் சாப்பாடும் டிவியுமாக. கஷ்டப்பட்டுச் சேர்த்த பேச்சு அந்த ஆறு மாதத்தில் பழையபடி பிள்ளை வழித் தபாலாக மாறிவிடும்.

போக வேண்டாம் என்று சொல்லவில்லை, பேரனைப் பார்க்க யாருக்குத்தான் ஆசை இருக்காது. பிள்ளையிடம் "சரி" என்று சொல்வதற்கு முன்னால் துணைவரிடம் கேளுங்கள். எவ்வளவு காலம், இருவரும் போக முடியுமா, முடியாவிட்டால் பாதிப் பாதியா, சம்பந்தியோடு பங்கு பிரித்துக்கொள்ளலாமா? பிரிந்திருந்தால் தினம் அந்தப் பதினைந்து நிமிடத்தைப் போனில் தொடருங்கள், அதே நாலு விஷயத்துக்குத் தடையோடு. "குழந்தை இன்னைக்குக் குப்புற விழுந்துச்சு" என்பது மட்டும் விதிவிலக்கு.

என் மகன் ஜெர்மனியிலிருந்து போன மாதம் இப்படித்தான் கூப்பிட்டான். "அப்பாகிட்ட பேசிட்டுச் சொல்றேன்டா" என்றேன். "எதுக்கு? நான் அப்பாகிட்ட சொல்லிக்கிறேன்" என்றான், பழைய பழக்கத்தில். வேண்டாம் என்று வைத்துவிட்டேன்.

அன்று ராத்திரியே மகளும் கூப்பிட்டாள். பேச்சுவாக்கில், அப்பாவுக்கு சுகர் மாத்திரையை மறுபடி மாற்றிவிட்டார்கள், காலையில் ஒன்றுதான் என்றேன்.

"எப்போ?" என்றாள்.

"மூணு வாரம் ஆச்சே."

"எனக்கு ஏம்மா யாருமே சொல்லல?"